நான்காம் எதிரியின் தீர்ப்பு நகல்

பதிவுத் தபாலில் வந்த கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். இளநிலை உதவியாளர் வேலைக்கு நான் தேர்வாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆர்டர்தான் வந்திருக்கிறது என்று பிரித்தேன். ஆரணி கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கில் நான் தண்டிக்கப்பட்டவன் என்று போலீஸ் அறிக்கை வந்திருக்கிறதாம். விண்ணப்பத்தில் அதை ஏன் மறைத்தேன் என்று விளக்கம் தர வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலும் வேண்டும். இருபது நாள் கெடு. தவறினால் தேர்வு ரத்து.

நைனா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். "இன்னாடா எழுதிகிறான்?" என்றார்.

படித்துச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"உன் பேர்ல நம்ம தெருவுலயே இன்னும் ரெண்டு பேரு கீறானுங்க இல்ல? அவனுங்களா இருக்கும்."

"அதான் நைனா நானும் நெனைக்கிறேன். கோர்ட்டுல நகல் வாங்கிக் காட்டினா தீர்ந்துது. அதுல அப்பா பேரும் போட்டிருப்பாங்க."

"அப்பன் பேருமா எழுதுவானுங்க?"

"அதை வெச்சுத்தானே ஆளைப் பிரிக்கிறது."

அவர் குனிந்து, ஊடை நூலைக் கொண்டோடும் நாடாவை மறுபடி தள்ளினார்.

எங்கள் தெருவில் அடிதடி வழக்கு என்று நடந்தது ஒன்றே ஒன்றுதான். நான் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி ஒருவர், சேலை முடியத் தாமதமானது என்று, நீளவாக்கில் ஏற்றிய பட்டு நூலான பாவைப் பாதி நெய்தபடியே தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வரச் சொல்லிக் கடை ஆளை அனுப்பினார். ஓடுகிற தறியில் பாவை அறுப்பதைவிட நெசவுக்காரனுக்குப் பெரிய அவமானம் கிடையாது. தெருவே சேர்ந்து அந்த ஆளை அடித்ததில் அவன் கை முறிந்தது. நான் லீவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கேஸும் முடிந்துவிட்டது என்றார்கள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குப் பரீட்சை இருந்தது.

மறுநாள் கோர்ட் ஆபீசுக்குப் போனேன். அதுவரை அந்தக் காம்பவுண்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. மேசையில் இருந்த குமாஸ்தா நிமிராமலே கேட்டார். "நம்பர் சொல்லு."

"தெரியாதுங்க."

"எந்த வருஷம்?"

"நாலு வருஷம் இருக்கும்ங்க. அஞ்சு கூட இருக்கலாம்."

"பொண்ணு பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, தாலியை எடுத்துகினு வந்துட்டான் பாரு," என்றார் பக்கத்து மேசைக்காரரிடம். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டவர் மாதிரி, "தேடிப் பாக்கச் சொல்லி ஒரு மனு போடு. வெளிய டீக்கடையாண்ட எழுதறவரு கீறாரு," என்றார்.

டீக்கடை பெஞ்சில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு ஒரு வயதானவர் இருந்தார். முன்பு ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். தேடுதல் மனுவை அடித்துக் கொடுத்தார். ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுவிட்டு மூன்று நாள் நடந்தேன். நாலாம் நாள் குமாஸ்தா ஒரு பெரிய ரிஜிஸ்டரை விரித்து விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"தோ, இதுதான். ஆறு எதிரிங்க. நாலாவது உன் பேரு."

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் எழுதுவார்கள். எனக்கு அன்றுதான் தெரியும்.

"அப்பா பேரு இன்னாங்க போட்டுகீது?"

படித்தார். என் நைனா பெயர்.

"ஆறு பேரும் குத்தத்தை ஒப்புக்கினு அன்னிக்கே அபராதம் கட்டிட்டுப் போயிருக்கானுங்க. கேஸ் கட்டு ரெக்கார்டு ரூம்ல கெடக்கும்," என்று ரிஜிஸ்டரை மூடினார்.

போலீஸ்தான் தவறாக எழுதியிருக்கிறது என்று சைக்கிளில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நைனாவிடம் சொன்னேன். அவர் ஜரிகையைப் பார்த்துக்கொண்டே, "எதுக்குடா இந்தப் பேஜாரு? அந்தக் காகிதத்தையெல்லாம் இந்நேரம் செல்லு தின்னுருக்கும். வேற வேலைக்கு எழுதிப் போடேன்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. எத்தனை பரீட்சை எழுதி இந்த ஒன்று கிடைத்தது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

நகல் மனுவில் நான் யார் என்று போட வேண்டும். டைப்ரைட்டர்காரர் கேட்டார். "நீ வாதியா, எதிரியா, சாட்சியா?"

"எதுவும் இல்லீங்க. அது நான் இல்லைன்னு காட்டத்தான் கேக்கறேன்."

"அப்ப நீ மூணாம் மனுஷன். எதுக்கு வேணும்னு அஃபிடவிட்டு போடணும். அதை ஜட்ஜ் ஐயா பார்த்து உத்தரவு போடணும். எதிரின்னு கையெழுத்துப் போட்டியானா ஜல்தி கெடைக்கும். கேட்ட உடனே குடுத்தாவணும்."

"நான் எதிரி இல்லீங்களே."

"அப்ப நட," என்று சிரித்தார்.

அஃபிடவிட் போட்டேன். ஐந்து நாள் கழித்து மனு திரும்பி வந்தது. மனுதாரருக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்பது விளங்கவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதற்குள் கெடுவில் பாதிக்கு மேல் போய்விட்டது. டைப்ரைட்டர்காரர் புதுத்தாள் ஒன்றைச் சொருகினார். என்னைக் கேட்கவில்லை. 'மனுதாரர்: நான்காம் எதிரி' என்று அடித்தார்.

"தீர்ப்பு மட்டும் கேக்காதே. எதிரியை ஐயா விசாரிச்ச கேள்வித்தாளையும் சேர்த்துக் கேளு. அதுல எதிரி கையெழுத்துப் போட்டிருப்பான். உன் கையெழுத்து இல்லைன்னு அதை வெச்சுக் காட்டிக்கலாம்."

நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்றவன் நான். பத்தாவது படிக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து அது. அதற்குக் கீழே நான்காம் எதிரி என்று இருந்தது.

பிறகு தினமும் நோட்டீஸ் போர்டு. நகல் எடுக்க எத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று அதில் ஒட்டுவார்கள். ஒட்டிய கெடுவுக்குள் வாங்கிக் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. மூன்றாம் நாள் என் நம்பர் இருந்தது. தாளை வாங்கிக் கட்டினேன். மேலும் இரண்டு நாள் கழித்து, முத்திரை குத்திய நகலைக் கையில் கொடுத்தார்கள்.

வராந்தாத் தூண் ஓரமாக நின்று படித்தேன். தீர்ப்பு ஒரு பக்கம்கூட இல்லை. கேள்வித்தாளில் ஆறு எதிரிகளும் வரிசையாக இருந்தார்கள். நான்காம் எதிரி: என் பெயர், நைனா பெயர், வயது என்ற இடத்தில் மேஜர், தொழில் நெசவு. 'குற்றம் புரிந்தீரா?' 'ஆம். தெரியாமல் செய்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.' அதன் கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்று டைப் அடித்திருந்தது.

டைப்ரைட்டர்காரர் அதைப் பார்த்ததும் தொடையைத் தட்டினார். "பொழைச்சேடா! காலேஜ்ல படிச்சவன் ரேகையா வெப்பான்? இது ஒண்ணு போதும்." பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே குரலைத் தணித்தார். "ஆனா அப்ப ரேகை யாருதுன்னு தோண்டுவானுங்க. கோர்ட்டுல இன்னொருத்தன் பேரைச் சொல்லிகினு நின்னது தனிக் குத்தம். அது அபராதத்தோட போவாது. உள்ளதான். யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றேன்.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாயவில்லை. நைனா தறியில்தான் இருந்தார். நகலைப் பாவின் மேல் வைத்தேன். எழுத்து தெரியாத மனிதர் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, கோர்ட்டுல என் பேரைக் கூப்பிட்டப்ப கை தூக்கினது நீதானே?"

குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"போலீஸ்காரனுங்க ஆறு ஆளு குடுங்கன்னு கேட்டானுங்கடா. தெருவே அடிச்சுது, யாரைன்னு புடிப்பானுங்க? நீங்களே குடுங்கன்னுட்டானுங்க. அந்த லிஸ்டு எல்லா முதலாளி கடைக்கும் போயிடும். அதுல எவன் பேரு கீதோ அவனுக்கு ஜென்மத்துக்கும் நெய்யப் பாவு கிடையாது. மூணாம் வூட்டுக்காரன் கண்ணு தெரியாத அவங்க அப்பன் பேரைக் குடுத்தான். இன்னொருத்தன் மெட்ராஸுல கீற மச்சான் பேரைக் குடுத்தான். அவனவனே போயி அந்தப் பேருக்கு நின்னோம்."

"நீ என் பேரைக் குடுத்தே."

"நீதான் பாவு எடுக்கிறவன் இல்லியேடா. உன் பேரு சும்மாதானே கெடந்துது."

நகலைப் பாவின் மேலிருந்து எடுத்து மடித்தேன்.

"படிக்கிற பையன் பேரு, அதை எந்தக் கடையில பாக்கப் போறானுங்கன்னு நெனச்சேன். ஒரே நாளு. ஒப்புக்கினா வுட்டுடுவாங்கன்னு வக்கீலு சொன்னாரு. மத்தியானமே வந்து தறியில குந்திட்டேன். தறி நிக்கல. நின்னிருந்தா உன்னை ஹாஸ்டலை வுட்டு இட்டுகினு வந்திருக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எங்கள் தெருவில் ஒருவன் பெயரை யாராவது தேடிப் பார்க்கிறார்கள் என்றால் அது முதலாளி கடை நோட்டில்தான். பாவு வாங்காதவன் பெயர் கெட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பெயர் வேறு இடங்களுக்கும் போகும், எங்கேயோ ஒரு ரிஜிஸ்டரில் உட்கார்ந்து காத்திருக்கும் என்று அவருக்குச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அப்போது நான் ஹாஸ்டலில் இருந்தேன்.

"நான் வந்து சொல்லிடறேன்," என்றார். "இன்னா பண்ணிடுவாங்க?"

என்ன பண்ணுவார்கள் என்று நான் சொல்லவில்லை.

கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதம் மூன்று பக்கம். ரேகையைப் பற்றி, என் கல்லூரி வருகைப் பதிவைப் பற்றி, அன்றைக்கு நான் வேலூரில் இருந்ததைப் பற்றி. எழுதி முடித்துப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. எந்த அதிகாரியும் நம்புவார். நம்பினால் அடுத்து அவர் கேட்கக்கூடிய ஒரே கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

இரண்டாவது நாலு வரி. வழக்கில் தண்டிக்கப்பட்ட நான்காம் எதிரி நான்தான். சிறிய வழக்கு என்பதால் விண்ணப்பத்தில் குறிப்பிடத் தவறிவிட்டேன். மன்னிக்கவும். நகல் இணைத்துள்ளேன்.

நைனா பக்கத்தில் வந்து குந்தினார். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல வேலை குடுக்கிற லெட்டரு எது?"

நாலு வரிக் கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். நானே போய்ப் போடுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். தெருமுனைப் பெட்டியை நம்பாமல் ஆரணி போஸ்டாபீசுக்கே நடந்து போனார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ஸ்டாம்பை நானே ஒட்டினேன். கட்டை விரலால நல்லா அழுத்தி ஒட்டிட்டேன், கழண்டு வுழாது," என்றார்.

மூன்று பக்கக் கடிதத்தை மறுநாள் காலை அடுப்பில் போட்டேன்.

ரத்து உத்தரவு ஆறாவது வாரம் வந்தது. எதிர்பார்த்திருந்ததால் போஸ்டாபீசுக்கே போய்க் கையில் வாங்கிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. இன்னும் பதில் வரவில்லை என்று சொன்னேன். கண்ணமங்கலத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதப் போய்வருகிறேன். அங்கே சேரும்போது பெயரை மட்டும் கேட்டார்கள், எங்கும் விசாரிக்கவில்லை. ஆர்டர் வரும்வரைக்கும்தானே என்றார் நைனா. ஆமாம் என்றேன். அது ஆகி மூன்று வருஷம்.

ஞாயிறு தவிர தினமும் பதினோரு மணி வாக்கில் தபால்காரர் சைக்கிள் மணி எங்கள் தெருவில் கேட்கும். லீவு நாளில் வீட்டிலிருந்தால் நானும் கேட்பேன். மணி சத்தம் வந்ததும் நைனாவின் தறி நிற்கும். எங்கள் வாசலைத் தாண்டி மணி அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் நாடா மறுபடி ஓடும்.