பச்சையைப் பார்த்தால் பயம்

“...ஆஃப் பண்ணிட்டா எல்லாம் பச்சையா வந்துடும்க்கா. அதான் பயமா இருக்கு” என்றாள் சுகன்யா.

மேடவாக்கத்தில் என் எதிர் ஃபிளாட். தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, தரையடித் தொட்டியின் சம்ப் சாவி இந்த மாதம் அவளிடம். வாங்கத்தான் போனேன். லேப்டாப் முன்னால் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் தோசை ஆறிக் கிடந்தது.

சுகன்யாவுக்குக் கம்பைலர் வேலை. மனிதர் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் சாஃப்ட்வேர். அதோடு வரும் ரெடிமேட் கோட் தொகுப்பான லைப்ரரியில் ஒரு டெஸ்ட், ஒரு பழைய ரக மெஷினில் மட்டும் ஃபெயில் ஆகிச் சிவப்பு காட்டுகிறதாம்; பாஸானால் பச்சை. அந்த டெஸ்ட் சோதிக்கிற வசதியே அந்த ரகத்தில் கிடையாது. லிஃப்டே இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்க்கிற கதை! ‘இந்த ரகத்துக்கு இந்த டெஸ்ட் வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. மதியம் ரிலீஸ். டீம் லீட் போன்மேல் போன்.

அப்புறம் என்ன நடுக்கம்?

“அந்த வரியைத் தப்பா எழுதிட்டா, லிஃப்ட் இருக்கற கட்டடத்துலயும் டெஸ்ட் ஓடாதுக்கா. கயிறே அறுந்தாலும் பச்சைதான் காட்டும்.”

புரொபேஷன் வேறு முடியவில்லை. தப்பானால் வேலை...

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மொட்டைமாடியில் ஏ பிளாக் தொட்டி அலாரம் நிரம்பாமலே கத்தும். அதை நிறுத்தச் சொன்னோம். எலக்ட்ரீஷியன் பி பிளாக்குக்கும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார். என்ன நிம்மதி - பி பிளாக் தொட்டி நிரம்பி வழிந்து, லாரித் தண்ணீர் படியிறங்கி என் வாசலுக்கு வரும்வரை. சத்தம் நின்றால் பிரச்சினையும் நின்றது என்று நம்புவதில்தான் நமக்கு எத்தனை சுகம்?

ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொன்னேன். அவள் முகம் இன்னும் வெளிறியது.

மறுபடி லீடின் போன். “பத்து நிமிஷம் சார்” என்றாள். அந்த ஒரு வரியை அடித்தாள். ஓடவிட்டாள். திரை முழுக்கப் பச்சை. நான் கை கொடுக்கப் போனேன்... அவள் சிரிக்கவில்லை. லைப்ரரியைத் திறந்து, அந்த டெஸ்ட் சோதிக்கிற, ஒழுங்காக இருந்த ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து மறுபடி ஓடவிட்டாள்.

“ஏம்மா, நல்லா இருக்கறதை ஏன் கெடுக்கற?”

“கத்துதான்னு பார்க்கணும்க்கா.”

காத்திருந்தோம். கீழே லாரி ஹாரன். பழைய ரகம் மட்டும் பேசாமல் இருந்தது. மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக... சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

கெடுத்ததைச் சரிசெய்தாள். சம்ப் சாவியை என் கையில் வைத்தாள். ஆறிப்போன தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.