பனர் தூக்க நடக்கும் அடிபிடி

போன சனிக்கிழமை வோபர்னில் மீன்கடையில் நின்றேன். விளைமீனை வெட்டிக்கொண்டே கடைக்கார அண்ணை கேட்டார்.

"நாளைக்குப் பிரைட் ஊர்வலமாமே. நீரும் போறீரோ?"

"ஓம் அண்ணை. வருசா வருசம் போறனான்."

பிரைட் என்பது ஒருபால் காதலர்கள் உரிமை கேட்டு நடக்கும் ஊர்வலம். நான் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவள் என்பது அவருக்குத் தெரியும். நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்.

"கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். உங்கடை ஆக்கள் கலியாணம் முடிக்கச் சட்டம் வந்திட்டுது. வேலையால நிப்பாட்டேலாது. எல்லாம் கிடைச்ச பிறகும் உந்த ஊர்வலம் என்னத்துக்கு?"

கத்தி அவர் கையில் இருந்ததால் சிரித்து வைத்தேன்.

உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும்... இல்லையா?

பொதுவாக ஊர்வலம் என்றால் பனர், அதாவது இரண்டு தடியில் கட்டிய பதாகை, தூக்க ஆள் பிடிப்பது பெரும்பாடு. கை உளையும், காற்று இழுக்கும். "எனக்குத் தோள் நோ" என்று ஆளாளுக்கு நழுவுவார்கள். எங்கள் தமிழ்க் குழுவில் தலைகீழ் — பனருக்கு அடிபிடி! ஏன் தெரியுமா? முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தால் ஆளைத் தெரியாது.

இடது பக்கத் தடி எப்போதும் சுகன்யாவுக்குத்தான். நாற்பது வயது, வங்கியில் மனேஜர். சிற்றி ஹோலில், அதுதான் நகரசபையில், முறைப்படி பதிந்து தன் காதலியை மணந்தவள். ஆனால் பிக்கரிங்கில் இருக்கும் அம்மாவுக்கு அந்த மனைவி இன்னும் 'ரூம்மேற்'. வட்ஸ்அப்பில் ஒரு ஊர்வல வீடியோ போனால் போதும், அம்மா தன்னோடு கதைக்கவே மாட்டார் என்று பயம்.

இம்முறை புதிதாக ஒருவர் வந்தார். ஒஷாவாவில் ட்ரக் ஓடுகிற தம்பி. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, போதாததற்கு மாஸ்க் — அந்த வெயிலில்!

"அக்கா, எங்கை நிண்டால் முகம் தெரியாது?"

சுகன்யா அவரைப் பார்த்தாள். பிறகு தடியை அவர் கையில் கொடுத்தாள்.

"இஞ்சை நில்லுங்கோ. நல்லா உயத்திப் பிடியுங்கோ."

"அப்ப நீங்கள்?"

"நான் முன்னாலை நடக்கிறன்."

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எடியே, அம்மா பாத்தால்?"

"பாக்கட்டும் அக்கா. எத்தினை நாளைக்கு ரூம்மேற் எண்டு சொல்லுறது? அலுத்துப் போச்சு."

நடந்தாள். தெருவின் இரண்டு கரையிலும் படம் பிடிக்கப் போன்கள் உயர்ந்தன. அவள் குனியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். ட்ரக் தம்பி மாஸ்க்கைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார்.

அன்று பின்னேரமே சுகன்யாவுக்கு அம்மாவின் போன்.

"சனம் கேக்குது. நான் என்னெண்டு சொல்ல?"

"மகள் கலியாணம் முடிச்சிட்டாள் எண்டு சொல்லுங்கோ அம்மா."

அம்மா போனை வைத்துவிட்டார். சுகன்யா தினமும் அவருக்குப் போன் எடுக்கிறாள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் விடுவதாக இல்லை.

சட்டம் சிற்றி ஹோல் வரைக்கும் வந்துவிட்டது. பிக்கரிங் வீட்டுக்குள் நுழைய இன்னும் தூரம் இருக்கிறது. அந்த மிச்சத் தூரத்தைச் சட்டமா நடக்கும்? நாங்கள்தான் நடக்க வேண்டும். நடப்போம்.

நேற்று மறுபடி மீன்கடை. நடந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, இன்னும் எத்தினை வருசம் நடக்கப் போறியள்?"

"பனர் தூக்க ஆள் கிடைக்காமல் நாங்கள் தேடித் திரியிற வருசம் நிப்பாட்டுறம், அண்ணை."