பானி கா மட்கா

ஷார்ஜாவில் பதினோரு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். அதில் ஒரே ஒரு போன் காலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

காலை பத்து மணி. எடுத்ததும் ஓர் ஆண் குரல்: "மேடம், கர் மே பானி கா மட்கா டூட் கயா. ஜல்தி." வீட்டில் தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டதாம், சீக்கிரமாம். எங்கள் நம்பருக்கும் ஒரு பிளம்பிங் கடை நம்பருக்கும் கடைசி எண்தான் வித்தியாசம். ராங் கால் வராத நாளே இல்லை. "வாட்ச்மேன் கோ போலோ" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு பேருக்கு பி.பி. பார்த்திருப்பேன். அப்புறம்தான் உறைத்தது. மட்கா என்றால் குடம். பனிக்குடம் உடைந்ததை ஒரு தமிழர் தன் இந்தியில் சொல்லியிருக்கிறார். கேட்ட தமிழச்சி நானோ அவரை வாட்ச்மேனிடம் அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் நாள் நெருங்கிய தமிழ்ப்பெண் ஒருத்திதான், பரமக்குடி செல்வி. குழந்தையின் தலை இன்னும் இறங்கவில்லை என்று ஃபைலில் இருந்தது. அந்த நிலையில் குடம் உடைந்தால் தொப்புள்கொடி முதலில் நழுவிவிடலாம். தலை அதை அழுத்தினால் குழந்தை பிழைக்காது. செல்வி நடக்கவே கூடாது. கொடுத்திருந்த நம்பரோ எங்கேஜ்டாகவே இருந்தது.

மேட்ரனிடம் ஓடி உள்ளதைச் சொன்னேன். அவர் இங்கிலாந்துக்காரர், எழுபதை நெருங்கியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் அங்கே ஒரு சுரங்க ஊரில் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு ஃபைலிலும் வீட்டுக்கு வழி எழுதச் சொல்வார். "இங்க யாரு வீட்டுக்குப் போகப்போறா?" என்று நான் கேலி செய்ததுண்டு. அவர் என்னைத் திட்டவில்லை. ஃபைலைத் திறந்தார். என் கையெழுத்தில்தான் இருந்தது: ரோலா, புடவைக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி, பச்சைக் கதவு, லிஃப்ட் இல்லை.

வேனில் போய்ச் சேர்ந்தபோது செல்வி பையோடு முதல் மாடிவரை இறங்கிவிட்டிருந்தாள். "அவுக சைட்ல இருக்காக, அக்கா. டாக்சி பிடிக்கப் போறேன்." அங்கேயே படுக்கவைத்தோம். கொடி நழுவியிருந்தது. மேட்ரன் கையுறை மாட்டி, உள்ளே குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்தார். ஆபரேஷன் தியேட்டர்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பெண் குழந்தை. அது அழுததும் நானும் அழுதேன்.

சாயங்காலம் செல்வியின் கணவர் நன்றி சொல்ல வந்தார். "பஹுத் சுக்ரியா, மேடம்."

"தமிழ்லயே சொல்லுங்க. நான் கொளச்சல்காரி. காலைல வாட்ச்மேன்ட்ட சொல்லச் சொன்னதும் நான்தான்."

"நம்ம ஆளுன்னு தெரிஞ்சிருந்தா நேராச் சொல்லியிருப்பேனே, அக்கா" என்றார். கோபித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எந்தப் போனை எடுத்தாலும் முதலில் ஊரைக் கேட்பேன். ஃபைலில் கதவின் நிறம்வரை எழுதுவேன்.

மேட்ரன் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிய அன்று அவருடைய விலாசம் கேட்டேன். எழுதித் தந்தார். கீழே, நான் கேட்காமலே, வீட்டுக்கு வழியும் எழுதியிருந்தார்.