நான் முடித்த கதையைப் பெரியம்மா எழுப்பிவிட்டது

எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. ஆறு பேரைப் பெற்று, அக்காள் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியவள் நான். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனதால், நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். எழுத்து அவனுடையது, நியாயம் என்னுடையது. நடுவில் அவன் புத்தியை நுழைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இதை எழுத வைத்தது ஒரு கார்ட்டூன் சண்டை. சாயந்தரம் ஐந்து மணிக்கு டிவியில் பறக்கிற யானைக்குட்டி ஒன்றும் அதன் முதுகில் ஒரு பையனும் வருவார்கள். பேரனுக்குப் பால்பல் விழுந்த காலத்தில் அந்தப் பையனுக்குப் பத்து வயது. இப்போது பேரனுக்கு மீசை அரும்புகிறது, அந்தப் பயலுக்கு இன்னும் பத்து வயதுதான். சட்டையைக்கூட மாற்றவில்லை.

முந்தாநாள் பேரன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மாயி, யானைக்குட்டி இந்த மாசத்தோட முடியுதாம்! எப்பவோ முடிச்சிருக்கணும். கடல்ல தள்ளின வில்லன் மூணாந்தடவையா வந்திருக்கான். இந்தத் தடவ கண்ணாடி போட்டுக்கிட்டு."

"பொய்! அது முடியாது!" என்று பேத்தி கத்தினாள். எட்டு வயது. கத்தியதோடு நிற்காமல் ரிமோட்டைத் தூக்கி எறிந்தாள். அது எங்கள் லயத்து வீட்டு வாசலைத் தாண்டித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தது. மழைத் தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தது நான்தான். இவர்களுடைய அம்மா, என் கடைசி மகள், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அதனால் இரண்டு பேரும் என் பொறுப்பு, ரிமோட்டும் என் பொறுப்பு.

"நீங்களே சொல்லுங்க அம்மாயி, ஒரு கத எத்தன நாளு ஓடலாம்?" என்று பேரன் என்னிடம் நியாயம் கேட்டான். இந்த விஷயத்தில் எனக்கு எட்டு வயதிலிருந்தே எரிச்சல் உண்டு. அதனால் இதை முறையாகச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மாமார்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே ஆயாவாக இருந்தது என் அம்மாவின் அக்காள், என் பெரியம்மா. அகலமான ஆள். பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைப் பார்த்துக்கொள்ள நானும் அங்கே போய்விடுவேன்.

பெரியம்மா தினமும் கதை சொல்லும். பின்னேரம் பெக்டரியில் சங்கு ஊதும், அம்மாமார்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வருவார்கள், அதுவரைக்கும் கதை. ஒரே கதைதான். ஒரு மரைக்குட்டி, மலைக்காட்டு மான்குட்டி, பனிமூட்டத்தில் தன் அம்மாவைத் தவறவிட்டுவிட்டது, தேடிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் கதை. மரைக்குட்டி காக்காயிடம் கேட்கும், நீர்வீழ்ச்சியிடம் கேட்கும். றொசல்ல ஸ்டேஷனில் கோச்சி ஏறும். ராகலையில் முட்டைக்கோசு லொறிக்குள் ஒளிந்துகொள்ளும். பெரியம்மா எந்தெந்த ஊரைப் பார்த்திருந்ததோ அந்தந்த ஊருக்கெல்லாம் அந்தக் குட்டி போய் வந்தது. எல்லா ஊரும் தீர்ந்த பிறகு முதலிலிருந்து மறுபடியும் போனது. அம்மா மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்கப்போகிறது என்று நாங்கள் நிமிர்ந்து உட்காரும்போது சங்கு ஊதிவிடும்.

"பெரியம்மா, அம்மா கெடச்சிச்சா இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க."

"ஒனக்கென்னடி அவசரம்? கோச்சியா போகுது?"

தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, தம்பிக்குப் பல் முளைத்தது. மரைக்குட்டி இன்னும் தேடிக்கொண்டிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் அப்போதே எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை.

பிள்ளைக்காம்பராவில் குட்டி என்று ஒருத்தி இருந்தாள். மூன்று, நான்கு வயது இருக்கும். அவளுடைய அம்மா பிள்ளைப்பேறுக்கென்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. பெரியவர்களுக்கு விஷயம் தெரியும். குட்டியிடம் மட்டும், "அம்மா ஆஸ்பத்திரியில இருக்கு, வந்துரும்" என்று எல்லாரும் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். குட்டி எங்கள் கண்ணுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். மூக்கு ஒழுகும், யார் பக்கத்திலும் உட்கார மாட்டாள், வாசற்படியில்தான் உட்காருவாள்.

ஒரு நாள் பெரியம்மா பால்மா எடுத்துவர ஆபீசுக்குப் போனது. எங்களைப் பார்த்துக்கொள்ள வந்த கிழவி சுவரில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். இதுதான் சமயம் என்று நான் பெரியம்மாவின் பலகையில் ஏறி உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் கதையை முடித்தேன். மரைக்குட்டி நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது, அங்கே அம்மா! கட்டிப் பிடித்து அழுகிறார்கள். அம்மா மரைக்குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் அரைத்துக் கொடுக்கிறது. கதை முடிந்தது, கை தட்டுங்கள் என்றேன். எல்லாரும் தட்டினார்கள். குட்டிகூடத் தட்டினாள். இந்த வயதிலும் சொல்கிறேன், அது நல்ல முடிவு.

சங்கு ஊதியது. அம்மாமார்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குட்டியின் அப்பாவும் வந்தார். அவள் கதவுநிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல. எங்கம்மா வரும்."

"வா தாயி, மழ வருது."

"மரக்குட்டிக்கு வந்திருச்சில்ல? எனக்கும் வரும்."

அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்கிக்கொண்டு போனார். அவள் போட்ட சத்தம் பெக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். தூங்கிய கிழவி எழுந்து, எல்லாரையும் விட்டுவிட்டு என்னை ஏசினாள்.

மறுநாள் பெரியம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அடிக்கவில்லை.

"ஒனக்கு யாருடி முடிக்கச் சொன்னது?"

பிறகு பலகையை எடுத்தது. எப்போதும் போடுகிற அடுப்போரத்தில் போடாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் போட்டது. குட்டியைத் தூக்கி உள்ளே தன் எதிரில் உட்கார வைத்தது. கதையைத் தொடங்கியது.

"மரக்குட்டி ரொட்டி தின்னுக்கிட்டே கீழ பாக்குது. அதோட அம்மாவுக்கு எடது கால்ல வெள்ளப் புள்ளி இருக்கும். இதுக்கு இல்ல. பனியில ஆள் வெளங்கல. இது வேற மர."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா?

"பொய்! நேத்தே முடிஞ்சிருச்சு! அப்ப ரொட்டி சுட்டது?"

"ரொட்டி நெசந்தான். சுட்டது வேற ஆளு."

முடிந்துபோன கதையை இப்படியா எழுப்புவார்கள்? கடலில் தள்ளிய வில்லனுக்குக் கண்ணாடி மாட்டிக் கூட்டி வருகிறவனுக்கெல்லாம் முன்னோடி என் பெரியம்மாதான். அன்றைக்குப் பிறகு கதையே கெட்டுப்போயிற்று. அந்த வேறு மரை, மரைக்குட்டி கூடவே நடந்தது. இரண்டும் புல் தின்றன, வெயில் காய்ந்தன, சளிக்குக் கஷாயம் குடித்தன. தேடுகிறது குறைந்துகொண்டே வந்தது. சில நாள் தேடவே இல்லை. கேட்டால், "இன்னைக்கி மழ, அதான்" என்று பெரியம்மா சொல்லும். நான் கொட்டாவி விடுவேன். குட்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள்.

அதைவிட எரிச்சல் அந்தப் பலகை. பெரியம்மா வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளைக்காம்பராவே இருட்டாகிவிடும். மலைப்பாதையும் தெரியாது, வருகிற அம்மாமார்களும் தெரியாது.

"பெரியம்மா, தள்ளி உக்காருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"இங்கதான் எனக்குக் காத்து வருது" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் குளிரில் என்ன காற்று வேண்டிக் கிடக்கிறது என்று நான் முணுமுணுப்பேன்.

ஒரு நாள் சங்கு ஊதியபோது குட்டி திரும்பிப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "நாளைக்கி அந்தப் பெரிய மர என்ன சமைக்கும்?" என்று கேட்டாள். பெரியம்மா அவள் மூக்கைத் துடைத்துவிட்டது. அடுத்த நாள் பலகை பழையபடி அடுப்போரத்துக்குப் போய்விட்டது. ஒருவழியாகக் காற்று வாங்கி முடித்ததே என்றுதான் நான் நினைத்தேன்.

கதை கடைசிவரை முடியவில்லை. நான் வளர்ந்து கொழுந்துக்கூடை எடுத்து, கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். பெரியம்மாவுக்கு ஒரு கதையைக்கூட ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லை என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னது பேரனுக்குச் சாதகமான நியாயம். கதை என்றால் காலத்தோடு முடிய வேண்டும். அப்படித்தான் தீர்ப்புச் சொல்ல இருந்தேன். நேற்று ரிமோட்டை வெயிலில் காய வைத்துக்கொண்டே பேத்தியிடம் கேட்டேன்.

"அப்பிடி என்ன அந்த யானைக்குட்டியில இருக்கு ஒனக்கு?"

"அம்மா சொல்லிட்டுத்தான் போச்சு. இந்தக் கார்ட்டூன் முடியிறதுக்குள்ள வந்துருவேன்னு."

என் மகள் இரண்டு வருஷம் என்று போனவள். இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மாதம்தான் என்னிடம் போனில் சொன்னாள். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.

இதைச் சொன்னதும் பேரன் பேனாவை நிறுத்திவிட்டான். எழுதடா என்றேன். எழுதுகிறான்.

பேத்தி ஐந்து மணிக்கு டிவியைப் போடுவாள். கண் பாதி நேரம் டிவியில் இருக்காது. ரோட்டில் ஓட்டோச் சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பாள். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன், நேற்றுத்தான் கண்ணில் பட்டது. அந்த எட்டு வயதுக்காரிக்கு, என்னைத்தான் சொல்கிறேன், கதை மட்டும்தான் தெரிந்தது. அந்த வாசலில் என்ன தெரிகிறது என்று அவள் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

யானைக்குட்டியை டிவிக்காரன் முடித்தால் முடித்துக்கொண்டு போகட்டும். அதற்குப் பிறகு அது எங்கே போனது, யார் வீட்டில் சாப்பிட்டது என்று நான் சொல்கிறேன். பறக்கிற யானை என்ன தின்னும் என்றுதான் தெரியவில்லை, அதைப் பேரனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

போதும். எங்கே, முதலிலிருந்து வாசி பார்ப்போம். மெதுவாக வாசி, தங்கச்சி உள்ளே இருக்கிறாள். இரு, மணி ஐந்தாகப் போகிறது, இந்த நாற்காலியை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். வெளிச்சத்தை மறைக்கிறேன் என்று சொல்லாதே. எனக்கு இங்கேதான் காற்று வருகிறது.