தலையில்லாதவளின் பெயர் நாள்

எங்கள் தீவின் அருங்காட்சியகத்துக்குச் சம்பேத்தா அக்காதான் காவல். இரண்டே அறை. உடைந்த ஜாடிகள், ஒரு கல் சிங்கத்தின் பின்பாதி, நடுவில் தலையில்லாத பளிங்குப் பெண். யாராவது அவளை அணைத்தபடி படம் எடுத்தால், "கையை எடு, அவ உன் பொண்டாட்டியா?" என்பாள் அக்கா. கல்யாணம் ஆகாதவள். அவளுக்கென்று இருந்தது அந்த வேலை மட்டும்தான்.

தலைநகர் ஏதென்ஸிலிருந்து தகவல் வந்தது: பார்க்க ஆள் வருவதில்லை, பூட்டப்போகிறோம், சிலைகள் பெரிய தீவுக்குப் போகும். ஊரார் வருத்தப்பட்டார்கள். வரத்தான் இல்லை. "கல்லு எங்க ஓடிடப்போகுது?" என்றார் காபிக்கடை பாந்தெலிஸ்.

நான் கோயிலில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தபோது அக்கா பாதிரியாரிடம் வந்தாள்.

"சாமி, வர்ற ஞாயிறு நம்ம பொண்ணுக்குப் பெயர் நாள்னு பூசையில சொல்லுங்க."

"எந்தப் பொண்ணு?"

"தலையில்லாதவ."

"அவ ஞானஸ்நானமே வாங்கலையேம்மா! பெயர் நாள்னா எந்தப் புனிதர் பேரு வச்சு, எந்தத் திருநாள்ல கொண்டாடுறது?"

"தன் பேருல புனிதர் இல்லாதவங்கல்லாம் சகல புனிதர் ஞாயித்துக்கிழமைதானே கொண்டாடுறாங்க? இவளுக்குப் பேரே இல்ல சாமி."

பாதிரியார் தாடியைத் தடவினார். ஆண்டவருக்கு இரக்கம் அதிகம் என்று சொல்லி, பூசையில் அறிவித்துவிட்டார்.

பெயர் நாளுக்கு எங்களிடம் அழைப்பு கிடையாது, போகாவிட்டால்தான் பகை. ஊரே மிட்டாய்ப் பெட்டியோடு வந்தது. அக்கா பெட்டிகளை வாசலிலேயே பிடுங்கி வைத்தாள். "நூறு வயசு வாழணும்மா," என்று பாந்தெலிஸ் சிலையை வாழ்த்தினார்.

"அவளுக்கு ரெண்டாயிரம் தாண்டிடுச்சு, சாபமா விடுறீங்க?" என்று அதட்டினாள் அவர் மனைவி.

அன்றைய கப்பலில்தான் பூட்ட வந்தார் அதிகாரி லிகூர்கோஸ். கூட்டத்தைப் பார்த்தார். "டிக்கெட் வாங்காதவங்க பார்வையாளர் இல்ல. கணக்குல வராது."

"பெயர் நாளுக்கு டிக்கெட்டா? உங்க வீட்டுல அப்படித்தானா?" பாந்தெலிஸ் எகிறினார். எல்லோரும் திரும்ப ஆரம்பித்தார்கள். 

பாந்தெலிஸின் மனைவி மட்டும், கோயிலில் மெழுகுவர்த்திக்குப் போடுகிற பழக்கத்தில், வாசல் பெட்டியில் காசு போட்டுக் கை நீட்டினாள். அக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் கை தானாகப் போயிற்று. மெழுகுவர்த்தி என்றால் கோயில் மணலில் குத்தலாம், டிக்கெட்டை எங்கே குத்துவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"சிங்கத்துல சொருகாதீங்க!" என்று அக்கா கத்தினாள்.

கடைசியில் டிக்கெட் சுருள் தீர்ந்துவிட்டது. அதிகாரிக்கு வேர்த்தது. "புதுச் சுருள் கேட்டு எழுதணும். கேட்டது வந்து கணக்கு முடியுற வரைக்கும் பூட்ட விதி இல்ல."

"எப்ப வரும் சார்?" என்று கேட்டாள் அக்கா.

"எங்க ஆபீஸா? என் ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம்."

"சரி, அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலை இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து மெதுவாக வாழ்த்தினார்.

"உங்க வீட்டுலயும் எல்லாரும் நல்லா இருக்கணும் சார்," என்றாள் அக்கா, தலையில்லாதவள் சார்பில்.