யோசபாத் ராஜாவும் என் கட்டைக் குரலும்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின்போது நடந்தது இது. சிரம்பானிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு யாராக இருந்தாலும் விடியும்வரை வெளியேதான். வெளியே என்றால் பால்மரக்காடு. அங்கே கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள், அவர்களைப் பிடிக்கப் புதர்களில் பதுங்கியிருந்த பட்டாளத்துக்காரர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கி.

எனக்கு அப்போது கைக்குழந்தை. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வாங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை. மதிய ஆராதனைதானே, நாலு மணிக்கெல்லாம் லாரியில் திரும்பிவிடலாம் என்று, சளி பிடித்திருந்த பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு நாத்தனாருடன் கிளம்பினேன்.

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பாடகர் குழுவுக்கே அவர் குரல்தான் தூண். என் குரலோ, ஓட்டை வாளியைத் தரையில் இழுத்த மாதிரி. அதனால் ஒவ்வொரு வாரமும் என் காதில் ஒரு உத்தரவு விழும். "நீ வாயை மட்டும் அசை புள்ள. சத்தம் வேணாம், புண்ணியமாப் போவும்." எனக்கும் அது சௌகரியம்தான். நாலு பேர் பார்த்தால் பேசவே கூசும் எனக்கு.

அன்று உபதேசியார் யோசபாத் ராஜாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மூன்று நாட்டுப் படைகள் திரண்டு வருகின்றன. ராஜா பயந்துபோய் ஜெபம் செய்கிறார். பிறகு சேனைக்கு முன்னால் வாளை அல்ல, பாட்டுக்காரர்களை நிறுத்துகிறார். அவர்கள் பாடத் தொடங்கியதும் எதிரிகள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் என் மனம் முழுவதும் பிள்ளையிடம் இருந்தது.

ஆராதனை முடிந்து வந்தால் லாரி கிளம்பவில்லை. டிரைவர் என்னென்னவோ செய்து பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கோ மார் கனத்து வலிக்கத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் ராத்திரி அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார்கள். நான் அழுகையை அடக்கிக்கொண்டு, "நான் நடந்தே போறேன்" என்றேன். அண்ணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் தோட்டத்திலேயே குடியிருந்த உபதேசியாரும் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆறு மணிக்குள் போக வேண்டுமானால் பால்மரக்காட்டுக்குள் குறுக்குப் பாதைதான். கொஞ்ச தூரம் போனதும் எங்கோ ஒரு சுள்ளி முறிந்தது. மூவரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"சத்தமில்லாமப் போனாத்தான் ஆபத்து" என்றார் உபதேசியார் ரகசியமாக. "பதுங்கி வர்றவன்னு நெனச்சி சுட்டுடுவான்."

"அப்ப காலையிலேர்ந்து மனப்பாடம் பண்ணிச் சொன்னீங்களே, அந்த ராஜா மாதிரி பாட்டுக்காரங்களை முன்னால விடுங்களேன்" என்றார் அண்ணி. சொல்லும்போதே குரல் காற்றாகத்தான் வந்தது. ஒரு வாரப் பயிற்சி, போதாததற்கு அன்றைய பண்டிகைப் பாட்டுகள். தொண்டை அடியோடு கட்டிவிட்டிருந்தது.

"நீங்க பாடுங்க ஐயா" என்றேன் நான்.

"எனக்கு இளைப்பு இருக்கும்மா. நடந்தா மூச்சு விடத்தான் முடியும். ராஜாவும் பின்னாலதான் வந்தாரு." சொல்லிவிட்டு மெல்ல எங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "பாடு புள்ள. இன்னிக்கி வாயை மட்டும் அசைச்சா பத்தாது."

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். பயத்தில் பல்லவியைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். மரத்திலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன. பின்னாலிருந்து உபதேசியார், "சுருதி சேரலைன்னாலும் பரவாயில்ல, நிறுத்தாத" என்றார்.

ஒரு வளைவில் திடீரென்று புதர் எழுந்து நின்றது. தொப்பியெல்லாம் இலை செருகிய மலாய் சிப்பாய்கள்! என் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. உபதேசியார் குடையோடு சேர்த்து இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். ஆனால் சிப்பாய்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரியவர் மலாயில் ஏதோ சொன்னார்.

"என்னங்கய்யா சொல்றாரு?"

"காலடிச் சத்தம் கேட்டதும் துப்பாக்கியைத் தூக்கிட்டாங்களாம். அப்புறம் உன் பாட்டு கேட்டுதாம். இப்படிப் பாடிக்கிட்டு எந்த எதிரியும் வர மாட்டான்னு இறக்கிட்டாங்களாம்."

அண்ணி குரலே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உபதேசியார் தனக்குத் தெரிந்த மலாயில் யோசபாத் கதையைச் சொல்ல, அந்தப் பெரியவர், "நபி சுலைமான் வம்சமா?" என்று கேட்டுத் தலையாட்டினார். யோசபாத்தின் அந்த முன்னோர் அவர்கள் வேதத்திலும் வருகிறாராம். எங்கள் கேட் கண்ணுக்குத் தெரியும்வரை இரண்டு பேரைத் துணைக்கு அனுப்பினார். "வழியில் நிறுத்தாமல் பாடச் சொல்லுங்கள், முன்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லியும் அனுப்பினார். பாடினேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு.

ஆறு மணி தாண்டியிருக்க வேண்டும். கேட் இன்னும் திறந்தே இருந்தது. அழுது சிவந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "பூட்டாதீங்க லா! அது எங்க வீட்டுச் சத்தம்தான். எனக்குத் தெரியாதா!"

பிள்ளையை வாங்கி, அங்கேயே ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டேன். அழுகை நின்றது.

அடுத்த ஞாயிறு, பாட்டு தொடங்கும் முன் அண்ணி வழக்கம்போல என் பக்கம் குனிந்தார். "கொஞ்சம் சத்தமாவே பாடு" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. கோயிலில் என் பக்கத்தில் நின்றால், "மெதுவாம்மா" என்று இடிக்கிறான். நான் குறைப்பதில்லை. யோசபாத் ராஜாவும் முதலில் பயந்தவர்தான். பயத்தோடேயே பாட்டுக்காரர்களை முன்னால் நிறுத்தினார். அவர்களுக்குக் குரல் நன்றாக இருந்ததா என்று வேதத்தில் எங்கும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.