ஒரு சொல்லுக்கு ஒரு கைதட்டு

பாலர் பள்ளி ஆசிரியை என்றால் நாள் முழுக்க ஆட்டமும் பாட்டும்தான் என்று நம்பி இந்த வேலைக்கு வந்த சகோதரிகளே, இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கதையை நாமே பேசிச் சிரித்துக்கொள்வோம்.

கோலா சாவா பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளி. ஐந்து வயதுப் பிள்ளையின் காதுக்கு நாம் பேசும் வாக்கியம் ஒரே நீளமாகத்தான் விழும். அதற்குள் தனித்தனிச் சொற்கள் இருப்பது பிடிபட்ட பிறகுதான் எழுத்துக்கே போகலாம். அதைப் பிடிபடவைப்பது என் வேலை. யாழினியைப் பேசவைப்பதையும் நானாகவே தலையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் அவள் அம்மா கூட்டிப்போக வரும்போதெல்லாம், "இன்னிக்காவது பேசுனாளா டீச்சர்? அடுத்த வருசம் ஒன்னாம் ஆண்டு. அங்க ஊமைன்னு ஒதுக்கிருவாங்களோன்னு பயமா இருக்கு" என்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

யாருக்குப் பிறந்தநாள்?

முதலில் கைதட்டு. "அப்பா லோரி ஓட்டினார்" என்று நான் நிறுத்திச் சொல்வேன்; சொல்லுக்கு ஒரு தட்டு. யாழினி வாயைத் திறக்காமலே சரியாகத் தட்டினாள். மற்றவர்களுக்கு ஆரம்பிக்கத் தெரிந்ததே தவிர நிறுத்தத் தெரியவில்லை. "போதும், போதும்!" என்று கத்தினேன்; அதற்கும் தட்டினார்கள். அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு டீச்சர் பொறந்தநாளு? கேக்கு எல்லாம் முடிஞ்சிருச்சா?"

பாய் கடையில்

நான் பேசுகிற வேகத்தில் சொற்களுக்கு நடுவே காற்றுகூடப் போகாது என்று மூத்த ஆசிரியை சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகினேன். பக்கத்து ஊர் ரந்தாவில் பாய் டீக்கடைக்குப் போய், மேசையில் விரலால் தட்டிக்கொண்டே, "ஒரு... டீ... சீனி... கொஞ்சமா..." என்றேன். பின்னால் வரிசை நீண்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய் கையை நிறுத்திவிட்டு என் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"பல்லு வலியா டீச்சர்? ஐஸ் கட்டி தரவா லா?"

மேசை வரை நடை

அடுத்து ஒரு விளையாட்டு. கதவருகே நின்று சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லுக்கு ஓர் எட்டு வைக்கலாம். மேசையை எட்டினால், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்று பரிசு. தர்வின் என்ற பையன், "நானும் எங்க அப்பாவும் எங்க அம்மாவும் எங்க மாமாவும்..." என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டான். அவ்வளவு பேரும் எங்கே போனார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

யாழினி கதவருகிலேயே நின்றாள். "எனக்குப் பசிக்குதுன்னு சொல்லும்மா, கறிபாப் வேணும்னு சொல்லு" என்று அவளுக்கும் சேர்த்து நானே பேசி, கையைப் பிடித்து மேசை வரை நடத்திக் கொண்டுபோனேன். தர்வின் மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"யாழினி பேசவே இல்ல டீச்சர், நீங்கதான் பேசுனீங்க. கறிபாப் ஒங்களுக்குத்தான்."

தொண்டை கட்டிய நாள்

அந்த மாதம் ஊரை மூடியிருந்த புகைமூட்டமும் என் கத்தலும் சேர்ந்து ஒரு நாள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. சைகையிலேயே வகுப்பு நடந்தது. யாழினியின் முறை வந்தது. எடுத்துக்கொடுக்க என்னிடம் குரல் இல்லை. வெறுமனே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளையின் முன்னால் அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றதே இல்லை.

அவள் ஓர் எட்டு வைத்தாள். "டீச்சருக்கு..." இன்னொன்று. "தொண்ட... கட்டிக்கிச்சு... நான்... பேசுறேன்." மேசை இன்னும் தூரத்தில்தான் இருந்தது, அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, அன்று அழுதாலும் சத்தம் வரவில்லை.

மதியம் அவள் அம்மாவிடம் நடந்ததைச் சைகையில் பாதி, கரகரத்த கிசுகிசுப்பில் பாதியாகச் சொல்லி முடித்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் டீச்சர், ஒன்னாம் ஆண்டு போறவரைக்கும் மருந்து கிருந்து சாப்புட்றாதீங்க லா!"

குரல் திரும்பி வந்துவிட்டது என்றாலும் யாழினியின் முறை வரும்போது அவளாகப் பேசும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். என் சம்பளமே அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.